ஸ்காட்லாந்து: யார் சொன்னால் நம்புவது?

2014 பொதுவாக்கெடுப்பில் பிரிட்டனோடு சேர்ந்திருப்பதென்று ஸ்காட்லாந்து முடிவு செய்தது. ஆனால் பத்திரிகைகள் மீதும் பிபிசி மீதும் நிபுணர்கள் மீதும் அப்போது விழுந்த சந்தேகம் அதன் நகரங்களைவிட்டு இன்னும் போகவில்லை.

எடின்பரோவின் வேவர்லி ரயில் நிலையத்தை ஒட்டி, தண்டவாளங்களுக்கு மேலே செல்கிறது நார்த் பிரிட்ஜ். பாலத்தின் ஓரமாகக் கோட்டை போல உயர்ந்து நிற்கும் பழைய கட்டடத்தில் இன்று வசதி படைத்த பயணிகள் தங்குகிறார்கள். 1817ல் தொடங்கிய 'தி ஸ்காட்ஸ்மன்' நாளிதழ் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் வெளிவந்தது இங்கிருந்துதான். 1999ல் பத்திரிகை ஹோலிரூட் சாலையில் ஒரு புதிய அலுவலகத்துக்குக் குடிபெயர்ந்தது. புதிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் எழவிருந்த இடத்துக்குப் பக்கத்தில். 2014ல் அதையும் காலி செய்துகொண்டு நகரின் வேறொரு மூலைக்குப் போயிற்று. ஹோலிரூட் சாலைக் கட்டடத்துக்குப் பிறகு குடிவந்தது ஒரு வீடியோ விளையாட்டு நிறுவனம்.

நூற்றாண்டுப் பழமை கொண்ட பத்திரிகைகள் இப்படி இடம் சுருங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான், 1707க்குப் பிறகு தன் முன் வந்த மிகப் பெரிய கேள்விக்கு ஸ்காட்லாந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. 'ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?' 2014 செப்டம்பர் 18 அன்று, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஆம் அல்லது இல்லை என்று குறியிட வேண்டும். சுமார் 43 லட்சம் பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். கேள்வி சுலபமானது. பதில் சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டியவைதான் ஏராளம். பவுண்டு நாணயம் நீடிக்குமா? ஓய்வூதியம் வருமா? கடலுக்கடியில் எண்ணெய் எவ்வளவு மிச்சம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் உண்டா? கிளாஸ்கோவின் பஸ் ஓட்டுநரோ அபெர்டீனின் மீன் வியாபாரியோ தானாகக் கண்டறியக்கூடிய விஷயங்கள் அல்ல இவை. யாரோ ஒரு நிபுணர் சொல்ல வேண்டும். அதை யாரோ ஒரு நிருபர் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த இருவரையும் நம்பலாமா என்பதே கடைசியில் வாக்கெடுப்பில் அச்சிடப்படாத இரண்டாவது கேள்வியாகிவிட்டது.

ஒரே நாள், இரண்டு கணக்கு

நார்த் பிரிட்ஜிலிருந்து கிழக்கே பார்த்தால் கால்டன் குன்று. உச்சியில் பன்னிரண்டு கல்தூண்கள் மட்டும் நிற்கின்றன. நெப்போலியன் போர்களில் மாண்டவர்களுக்காக 1826ல் ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் மாதிரி ஒன்றைக் கட்டத் தொடங்கி, மூன்றே ஆண்டுகளில் பணம் தீர்ந்துபோய்க் கைவிட்ட நினைவுச்சின்னம். அந்தக் குன்றின் சரிவில், பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில், ஸ்காட்லாந்து அரசின் தலைமையகமான செயின்ட் ஆண்ட்ரூஸ் ஹவுஸ் இருக்கிறது. 2012 அக்டோபர் 15 அன்று பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனும் ஸ்காட்லாந்தின் முதல் அமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும் பொதுவாக்கெடுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இங்கேதான். துப்பாக்கிச் சத்தமோ சிறைவாசமோ இல்லாமல் ஒரு நாடு பிரிந்துபோவது பற்றி இரண்டு அரசுகள் மேஜையில் உட்கார்ந்து உடன்பாடு கண்டது உலகில் அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல.

ஆயுதம் இல்லாத அந்தச் சண்டையில் ஆயுதமானவர்கள் நிபுணர்கள். சால்மண்டின் அரசு அமைத்த நிதி ஆணையக் குழுவில் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஜேம்ஸ் மிர்லீஸ் என்று இரண்டு நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள். பிரிந்த பிறகும் பவுண்டைப் பொது நாணயமாக வைத்துக்கொள்வதே இரு நாடுகளுக்கும் நல்லது என்றது அக்குழு. 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து அதை மறுத்தார். பிரிட்டனைவிட்டுப் போனால் பவுண்டையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் என்றார். கூடவே நிதியமைச்சகத்தின் தலைமை அதிகாரி நிக்கலஸ் மக்பெர்சன் தமக்கு எழுதிய ஆலோசனைக் கடிதத்தையும் வெளியிட்டார். அமைச்சருக்கு அதிகாரி தரும் ஆலோசனை ரகசியமாக இருப்பதே அங்கே மரபு. மரபை மீறி அது வெளிவந்தபோது, இது நிபுணரின் கருத்தா, பிரசாரத்தின் ஒரு பகுதியா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. சில மாதங்கள் கழித்து இன்னொரு நோபல் அறிஞர் பால் க்ரூக்மன், சொந்த நாணயம் இல்லாமல் சுதந்திரம் பெறுவது மிகவும் ஆபத்தானது என்று அமெரிக்காவிலிருந்து எழுதினார். நோபல் பரிசுகளை எண்ணிப்பார்த்து வாக்களிக்க முடியாது என்பது மட்டும் தெளிவாயிற்று.

நிபுணத்துவம் பிரசாரமாக மாறும் விதத்தைப் பார்க்க 2014 மே 28 ஒரு நாள் போதும். பிரிட்டனோடு இருந்தால் ஒவ்வொரு ஸ்காட்லாந்துக்காரருக்கும் ஆண்டுக்கு 1,400 பவுண்டு லாபம் என்று அன்று லண்டன் நிதியமைச்சகம் அறிவித்தது. பிரிந்தால் 15 ஆண்டுகளுக்குள் ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு லாபம் என்று அதே நாளில் ஸ்காட்லாந்து அரசு அறிவித்தது. இரண்டுமே பொருளாதார வல்லுநர்கள் போட்ட கணக்குகள். கூட்டல் கழித்தலில் யாரும் தவறு செய்யவில்லை. எண்ணெய் விலை, பிறப்பு விகிதம், உற்பத்தித் திறன், கடனில் பங்கு என்று ஆரம்பத்தில் எடுத்துக்கொண்ட அனுமானங்கள்தான் வேறு. செய்தியாகும்போது அனுமானங்கள் உதிர்ந்துபோயின. எண் மட்டும் மிஞ்சியது. 1,400 பவுண்டில் என்னென்ன வாங்கலாம் என்று லண்டன் அரசு லெகோ பொம்மைப் படங்களோடு ஒரு பட்டியலும் போட்டது. எடின்பரோ விழாவில் 280 ஹாட்டாக் சாப்பிடலாம் என்பது அதில் ஒன்று. சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து கிளம்ப, பொம்மை நிறுவனமே தன் பொம்மைகளை எடுத்துவிடச் சொன்னது.

அதே வாரம் இன்னொரு கூத்து. சுதந்திர ஸ்காட்லாந்து புதிய அரசு இலாகாக்களை அமைக்க 270 கோடி பவுண்டு வரை செலவாகும் என்று நிதியமைச்சகம் பத்திரிகைகளுக்குச் சொன்னது. லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் பேராசிரியர் பாட்ரிக் டன்லீவியின் ஆராய்ச்சிதான் இதற்கு ஆதாரம் என்றது. ஒரு இலாகாவை மாற்றியமைக்க ஒன்றரைக் கோடி பவுண்டு ஆகலாம் என்று அவர் எழுதியதை எடுத்து 180 அமைப்புகளால் பெருக்கியிருந்தார்கள். தன் ஆராய்ச்சியை மோசமாகத் திரித்துவிட்டார்கள் என்று டன்லீவி பகிரங்கமாக மறுத்தார். உடனடிச் செலவு 20 கோடி பவுண்டுக்குள் அடங்கும் என்பது அவருடைய மதிப்பீடு. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் பெரிய எண் முதலில் ஊர்வலம் போய்விட்டது. மறுப்பு அதன் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிற்று.

பூட்டிவைத்த அறிக்கை

சந்தேகத்துக்குப் பழைய வேர் ஒன்றும் உண்டு. வட கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1974ல், ஸ்காட்லாந்து விவகார இலாகாவின் பொருளாதார அதிகாரி காவின் மக்ரோன் பிரிட்டிஷ் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஸ்காட்லாந்து தனி நாடானால் எண்ணெய் வருமானத்தால் அதன் கையிருப்பு தர்மசங்கடப்படும் அளவுக்குப் பெருகும், அதன் நாணயம் ஐரோப்பாவின் வலுவான நாணயங்களில் ஒன்றாகும் என்பது அதன் சாரம். 'இது ஸ்காட்லாந்தின் எண்ணெய்' என்று தேசியவாதிகள் தெருத்தெருவாக முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. அறிக்கை ரகசியக் கோப்புக்குள் போயிற்று. தகவல் உரிமைச் சட்டத்தின் புண்ணியத்தில் வெளிச்சத்துக்கு வந்தது 2005ல்தான். அதற்குள் எண்ணெயின் பொற்காலம் முடிந்துவிட்டிருந்தது.

மக்ரோன் பிரிவினைவாதி அல்லர். 2014லும் அவர் பிரிவினையை ஆதரிக்கவில்லை. ஆனால் 'லண்டன் சொல்லும் கணக்கை ஏன் நம்பக் கூடாது?' என்று கேட்டவர்களுக்கு 'ஆம்' அணியினர் அந்த அறிக்கையைத்தான் பதிலாகக் காட்டினார்கள். ஒரு முறை மறைத்தவன் மறுமுறை உண்மையே சொன்னாலும் எடுபடாது.

இதில் ஒரு தரப்பு மட்டும் பரிசுத்தம் என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர் தகுதி பற்றிச் சட்ட ஆலோசனை பெற்றீர்களா என்று 2012ல் பிபிசி பேட்டியில் கேட்டபோது, பெற்றிருப்பதாகப் பொருள்படும்படி பதில் சொன்னார் சால்மண்ட். சில மாதங்களில் அவருடைய துணை முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் எழுந்து, அப்படி எந்த ஆலோசனையும் கேட்கப்படவில்லை என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நிபுணரின் வாயில் வார்த்தையைத் திணிப்பது ஒரு வகை. இல்லாத நிபுணரைக் காட்டுவது இன்னொரு வகை.

கிளைட் கரையில் ஒரு கண்ணாடிப் பெட்டி

எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். ஆனால் குணத்தில் வேறு ஊர். முன்னது வங்கிகளும் வக்கீல்களும் நிறைந்த தலைநகர். பின்னது கப்பல் கட்டிக் கை காய்த்த தொழிலாளர் நகரம். எடின்பரோவில் 61 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள். கிளாஸ்கோவில் 53.5 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். கிளைட் ஆற்றின் தென்கரையில், பழைய துறைமுகம் இருந்த பசிஃபிக் கீயில், 2007ல் திறந்த பிபிசி ஸ்காட்லாந்தின் தலைமையகம் கண்ணாடிப் பெட்டி போல நிற்கிறது.

பத்திரிகைகள் ஒரு பக்கம் சாய்வது பிரிட்டனில் புதிதல்ல. அதை யாரும் தடுப்பதும் இல்லை. வாக்கெடுப்பின்போது ஸ்காட்லாந்தில் விற்ற பத்திரிகைகளில் 'ஆம்' என்று ஆசிரியவுரை எழுதியது கிளாஸ்கோவின் 'சண்டே ஹெரால்டு' ஒன்றுதான். 2014 மே மாதம், எழுத்தாளரும் ஓவியருமான அலாஸ்டர் கிரே வரைந்த அட்டைப் படத்தோடு அது தன் முடிவை அறிவித்தது. மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஆதரித்த ஒரு கொள்கைக்கு ஒரே ஒரு வார இதழ்! ஆனாலும், பிடிக்காத பத்திரிகையை வாங்காமல் இருந்துவிடலாம். பிபிசி அப்படியல்ல. வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவர் ஆண்டுக்கு 145.50 பவுண்டு உரிமக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்பது அன்றைய நிலை. நடுநிலை என்பது அதன் சாசனக் கடமை. கோபமும் அதனால்தான் அங்கே திரும்பியது.

கோபத்துக்கு முதலில் எண்ணிக்கை கொடுத்தது ஒரு கல்லூரி ஆய்வு. மேற்கு ஸ்காட்லாந்து பல்கலைக்கழகத்தின் ஜான் ராபர்ட்சன், 2012 செப்டம்பரிலிருந்து ஓராண்டு காலம் பிபிசி, ஐடிவி மாலைச் செய்திகளை 730 மணி நேர அளவுக்கு ஆராய்ந்து 2014 ஜனவரியில் முடிவை வெளியிட்டார். 'ஆம்' அணிக்கு எதிரான கூற்றுகளும் 'இல்லை' அணிக்கு எதிரான கூற்றுகளும் ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருந்தன என்றார். ஆய்வு முறையே கோளாறானது என்று பிபிசி மறுத்தது. மறுத்ததோடு நிற்காமல், அந்தக் கடிதத்தின் நகலைப் பல்கலைக்கழக முதல்வருக்கும் அனுப்பியது. ஆராய்ச்சியாளரை மிரட்டும் செயல் இது என்று விவகாரம் நாடாளுமன்றக் குழு வரை போயிற்று. ஆய்வின் தரம் பற்றிய வாதம் பின்னுக்குப் போய், அந்தக் கடிதமே செய்தியாகிவிட்டது.

வாக்கெடுப்புக்கு ஏழு நாள் முன்பு, செப்டம்பர் 11 அன்று எடின்பரோவில் பத்திரிகையாளர் கூட்டம். ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து லண்டனுக்குப் பெயர்ந்தால் வரி வருமானம் என்னாகும் என்று பிபிசியின் அரசியல் ஆசிரியர் நிக் ராபின்சன் கேட்டார். சால்மண்ட் பல நிமிடங்கள் விளக்கம் சொன்னார். கேள்வி கேட்டவரையும் விட்டுவைக்காமல் சீண்டினார். அன்றைய இரவுச் செய்தியில் அந்தக் கேள்வியைக் காட்டிவிட்டு, அவர் பதில் சொல்லவில்லை என்று வர்ணனை வந்தது. முழு ஒளிப்பதிவையும் பார்த்தவர்கள் கொதித்தார்கள். செய்தி மொத்தத்தில் நியாயமானதே என்றது பிபிசி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசிஃபிக் கீயில் பெருங்கூட்டம் திரண்டது. ராபின்சனின் படம் போட்ட பதாகை அவரை வேலையைவிட்டு நீக்கச் சொன்னது. மறு ஆண்டு ராபின்சன் அந்த ஆர்ப்பாட்டத்தைப் புதினின் ரஷ்யாவோடு ஒப்பிட்டார். பதில் நீளமாக இருந்தது உண்மை. அது கேள்விக்கு ஏற்ற பதில்தானா என்று கேட்பதும் நிருபரின் உரிமைதான். ஆனால் 'பதில் திருப்தியாக இல்லை' என்பதற்கும் 'பதிலே சொல்லவில்லை' என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் ஒரு நிறுவனத்தின் நம்பகத்தன்மை இருக்கிறது. ஒரு தனி நிருபரின் தலையைக் கேட்டுக் கூட்டம் சேர்ப்பதும் பத்திரிகை சுதந்திரத்தில் அக்கறை கொண்ட யாரையும் முகம் சுளிக்க வைக்கும்.

கட்டடத்துக்குள் சதி நடந்ததா? நிருபர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அமைப்பு யாருடைய கையில் இருந்தது என்பதற்கு ஆதாரம் உண்டு. 1990களின் கடைசியில், மாலை ஆறு மணிச் செய்தியை முழுக்க ஸ்காட்லாந்திலிருந்தே தயாரித்து ஒளிபரப்ப வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அது பிரிட்டனின் ஒற்றுமையைக் குலைத்துவிடும் என்று அஞ்சி, பிரதமர் டோனி பிளேரின் ஆதரவோடு அதைத் தடுத்து நிறுத்தினார் பிபிசியின் தலைமை இயக்குநர் ஜான் பெர்ட். 2002ல் வெளிவந்த சுயசரிதையில் அவரே இதைச் சொல்கிறார். நடுநிலையாளர் ஒருவர், ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு எப்படி இருக்கக் கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார்.

சணல், ஜாம், பத்திரிகை

கிளாஸ்கோவிலிருந்து பெர்த் வழியாக வடகிழக்கே போகும் ரயில், டே ஆற்றின் அகன்ற கழிமுகத்தை ஒட்டியே ஓடி டண்டீயில் நிற்கிறது. இந்த ஊருக்கும் இந்தியாவுக்கும் பழைய உறவு. வங்காளத்துச் சணல் 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது இங்கேதான். பிறகு கல்கத்தாவின் ஆலைகளே டண்டீயின் வியாபாரத்தைப் பறித்துக்கொண்டன. அந்த ஆலைகளை மேற்பார்க்கப் போனவர்களில் பெரும்பாலோர் டண்டீக்காரர்கள். சணல், ஜாம், பத்திரிகை என்ற மூன்றையும் சொல்லித்தான் ஊரை அடையாளம் காட்டுவார்கள். சணலும் ஜாமும் போய்விட்டன. டி.சி. தாம்சன் என்ற பத்திரிகை நிறுவனம் மட்டும் மெடோசைடில் சிவந்த கல் கட்டடத்தில் நிலைத்து நிற்கிறது. 'தி கூரியர்' நாளிதழும், குழந்தைகளின் 'பீனோ' சித்திரக்கதை இதழும் அதன் வெளியீடுகள்.

பத்திரிகை ஊரான டண்டீயில்தான் நாட்டிலேயே அதிகமாக 57.3 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். பிபிசியும் பெரும்பாலான நாளிதழ்களும் நிபுணர்களும் எச்சரித்தது அவர்கள் காதில் விழவில்லை என்பதல்ல. ஆலைகள் மூடி, வேலைகள் போய், பல பத்தாண்டுகளாக வறுமையைப் பார்த்துவிட்ட ஒரு ஊரிடம் 'பிரிந்தால் நஷ்டம் வரும்' என்று சொன்னால், 'இழக்க என்ன இருக்கிறது?' என்ற கேள்விதான் திரும்பி வரும். எச்சரிக்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சேமிப்பும் ஓய்வூதியமும் உள்ளவருக்கு ஒரு மாதிரி. வாரக் கூலிக்காரருக்கு வேறு மாதிரி.

இங்கேதான் ஊடகச் சாய்வின் உண்மையான வடிவம் புலப்படுகிறது. பொய் அரிதாகவே சொல்லப்பட்டது. கேள்விதான் ஒரே திசையில் கேட்கப்பட்டது. 'பிரிந்தால் என்ன ஆகும்?' என்று நாள் தவறாமல் கேட்ட நிருபர்கள், 'சேர்ந்தே இருந்தால் என்ன ஆகும்?' என்று அபூர்வமாகவே கேட்டார்கள். மாற்றம் கேட்பவன்தான் நிரூபிக்க வேண்டும், இருப்பது இருக்கட்டும் என்பவனுக்கு நிரூபணம் தேவையில்லை என்பது எழுதப்படாத விதியாயிற்று. சொல்லப்போனால் அதில் ஓரளவு நியாயமும் உண்டு. புதிய வீட்டுக்கு அழைப்பவன் கூரை ஒழுகாது என்று காட்டத்தான் வேண்டும். ஆனால் இருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தையும் யாராவது ஒருவர் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 7 அன்று 'சண்டே டைம்ஸ்' கருத்துக்கணிப்பு 'ஆம்' அணிக்கு 51 சதவீதம் என்றதும் லண்டன் ஆடிப்போயிற்று. மூன்று கட்சித் தலைவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே ஓடிவந்தார்கள். 16ஆம் தேதி கிளாஸ்கோவின் 'டெய்லி ரெக்கார்டு', கேமரன், எட் மிலிபாண்ட், நிக் கிளெக் மூவரின் கையெழுத்தோடு கூடிய 'சபதம்' ஒன்றைப் பழங்காலச் சாசனம் போல அச்சிட்டு முதல் பக்கம் முழுக்க வெளியிட்டது. 'இல்லை' என்று வாக்களித்தால் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் என்பது வாக்குறுதி. செய்தியைச் சொல்லும் பத்திரிகை, செய்தியை உருவாக்கும் மேடையாகவே மாறிய நாள் அது. இரண்டு நாள் கழித்து 84.6 சதவீதம் பேர் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 'இல்லை' 20,01,926. 'ஆம்' 16,17,989. 32 மாவட்டங்களில் நான்கு மட்டுமே 'ஆம்' பக்கம்.

எண்ணெய் சொன்ன பதில்

டண்டீயிலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் அபெர்டீன். சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டிய எண்ணெய்த் தலைநகரம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே துறைமுகம். எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் ஆரஞ்சு நிறக் கப்பல்கள் ஊரின் தெருக்களுக்குள்ளேயே நுழைந்துவிட்ட மாதிரி தெரிகின்றன. எண்ணெயால் வாழ்ந்த இந்த ஊர் 58.6 சதவீத வாக்குகளால் 'இல்லை' என்றது.

இந்த ஊரைச் சேர்ந்த எண்ணெய்த் தொழிலதிபர் இயன் வுட் 2014 ஆகஸ்டில், வட கடலில் 2,400 கோடி பீப்பாய் எண்ணெய் மிச்சமிருக்கிறது என்ற கணக்கு மிகையானது, 1,500 முதல் 1,650 கோடி பீப்பாய்தான் தேறும் என்றார். 'ஆம்' அணியினர் பலர் அதையும் பயமுறுத்தல் என்று ஒதுக்கினார்கள். நிபுணர்களைச் சந்தேகித்துப் பழகியவர்களுக்கு, எந்த நிபுணர் சரியாகச் சொல்கிறார் என்று பிரித்தறியப் பொறுமை இல்லாமல் போயிற்று. ஸ்காட்லாந்து அரசின் வெள்ளை அறிக்கை ஒரு பீப்பாய் 110 டாலர் என்று வைத்துக்கொண்டு, 2016-17ல் எண்ணெய் வரி 680 முதல் 790 கோடி பவுண்டு வரும் என்றது. 2014லேயே விலை சரியத் தொடங்கி, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. 2015-16ல் ஸ்காட்லாந்தின் பங்காகக் கிடைத்த எண்ணெய் வரி வெறும் 6 கோடி பவுண்டு. லண்டனின் அதிகாரபூர்வக் கணிப்பாளர்கள் இதைவிடக் குறைவாகத்தான் மதிப்பிட்டிருந்தார்கள் என்றாலும், இவ்வளவு பெரிய வீழ்ச்சியை அவர்களும் எதிர்பார்க்கவில்லை. அபெர்டீனில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

'இல்லை' அணிக்கும் காலம் கணக்கு தீர்த்தது. பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடமிருக்காது என்பது அவர்களின் பெரிய அஸ்திரம். மீண்டும் சேருவது மிகக் கடினம், முடியாமலும் போகலாம் என்று ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஹொசே மனுவல் பரோசோ 2014 பிப்ரவரியில் பிபிசியிலேயே சொன்னார். ஐரோப்பிய நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதியான ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் எட்வர்டு வேறு மாதிரி வாதிட்டார். அவர் குரல் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை. 2016 ஜூனில் பிரிட்டன் முழுவதும் வாக்களித்தபோது ஸ்காட்லாந்தின் 62 சதவீதம் பேர், 32 மாவட்டங்களிலும் பெரும்பான்மையோடு, ஐரோப்பாவில் இருக்கவே விரும்பினார்கள். ஆனாலும் 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டனோடு சேர்ந்து அவர்களும் வெளியேறினார்கள். ஐரோப்பாவில் நீடிக்கத்தான் பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்று 2014ல் நம்பி வாக்களித்தவர்களுக்கு, 'சேர்ந்தே இருந்தால் என்ன ஆகும்?' என்ற கேட்கப்படாத கேள்வியின் பதில் இப்படிக் கிடைத்தது.

அந்த வெளியேற்றத்துக்காகப் பிரசாரம் செய்தவர்களில் முக்கியமானவர், 2014ல் ஸ்காட்லாந்து பிரியக் கூடாது என்ற அமைச்சரவையில் இருந்த மைக்கேல் கோவ். நிபுணர்கள் சொல்லிச் சொல்லி மக்களுக்கு அலுத்துவிட்டது என்று 2016 ஜூனில் தொலைக்காட்சியில் அவர் சொன்னது பிரிட்டன் முழுவதும் பேச்சாயிற்று. கோவ் வளர்ந்தது அபெர்டீனில். இளம் நிருபராக வேலை பார்த்ததும் இந்த ஊரின் 'பிரஸ் அண்ட் ஜர்னல்' நாளிதழில். ஸ்காட்லாந்தில் 'ஆம்' அணியினர் நிபுணர்கள் மீது காட்டிய சந்தேகத்தை, இரண்டே ஆண்டுகளில் எதிரணி ஆள் ஒருவர் வேறொரு காரியத்துக்கு எடுத்து வீசினார்.

பிறகு நடந்தவை, காயத்துக்குக் கட்டுப் போடும் முயற்சிகள். வாக்கெடுப்பு முடிந்து இரண்டு மாதம் சற்றே கடந்ததும், 2014 நவம்பரில், சுதந்திரத்தை ஆதரிக்கும் 'தி நேஷனல்' நாளிதழ் பிறந்தது. 'சண்டே ஹெரால்டு' 2018ல் மூடப்பட்டது. 2019 பிப்ரவரியில் பிபிசி ஸ்காட்லாந்துக்கென்றே தனி அலைவரிசை தொடங்கி, உலகச் செய்தியையும் கிளாஸ்கோவிலிருந்தே சொல்லும் ஒன்பது மணிச் செய்தியறிக்கையைத் தந்தது. பார்க்கப் போதிய ஆளில்லாமல் 2024 இறுதியோடு அந்த அறிக்கை நின்றுபோயிற்று. லண்டனின் ஒப்புதல் இல்லாமல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சால்மண்ட் 2024 அக்டோபரில் காலமானார். அவரோடு தொலைக்காட்சியில் மோதிய 'இல்லை' அணித் தலைவர் அலிஸ்டர் டார்லிங் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

தலைவர்கள் போனாலும் மக்கள் பாதிக்குப் பாதியாகவே நிற்கிறார்கள். ஒரு பாதி ஒரு பத்திரிகையை நம்புகிறது, மறுபாதி இன்னொன்றை. ஆண்டுதோறும் ஸ்காட்லாந்தின் வரவு செலவுப் புள்ளிவிவரம் வெளிவரும்போது, ஒரே அட்டவணையை இரு தரப்பும் இரு விதமாகப் படிக்கின்றன. 2014ல் எண்ணிய வாக்குகளின் எண்ணிக்கையில் யாருக்கும் பெரிய சந்தேகமில்லை. தோற்றவர்களும் ஒரே நாளில் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். அந்த வாக்குகளைப் போடுவதற்கு முன்னால் கேட்ட செய்திகளைப் பற்றித்தான் வழக்கு தீரவில்லை. இன்னொரு வாக்கெடுப்பு என்றாவது வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அபெர்டீன் துறைமுகத்துத் தொழிலாளியிடமும் டண்டீயின் ஓய்வூதியக்காரரிடமும் மறுபடியும் நிபுணர்கள் வருவார்கள், மறுபடியும் கணக்குகள் வரும். இந்த முறை அந்தக் கணக்கின் கடைசி வரியை மட்டும் படித்துக்காட்டாமல், முதல் வரியில் என்ன அனுமானம் இருக்கிறது என்று சொல்லும் நிருபர்தான் அவர்களுக்கு வேண்டும். இரு வீடுகளின் கூரையையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்பவராகவும் அவர் இருக்க வேண்டும்.